சண்டீகர்: ஒரு மனை, எத்தனை சமையலறை?

புதுதில்லி: சண்டீகரின் வடக்குச் செக்டார்களில் ஒரே தெருவில் அடுத்தடுத்து இரு வீடுகள். இரண்டிலும் மூன்று தளங்கள். இரண்டுக்கும் ஒரே உயரம். முன்புறம் விடப்பட்டுள்ள புல்வெளியின் அகலமும் ஒன்றே. முதல் வீட்டின் தரைத்தளத்தில் தந்தையும், மேல்தளங்களில் இரு மகன்களும் தத்தம் குடும்பத்தோடு வசிக்கின்றனர். இரண்டாவது வீட்டில் ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று குடும்பங்கள். அந்நகரில் அரிதல்லாத காட்சிதான் இது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு இரு வீடுகளுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால், சட்டத்தின் பார்வையில் முதலாவது முறையான குடியிருப்பு. இரண்டாவதோ நகரின் அமைப்பையே குலைக்கும் செயல்.

இந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டது, 2023-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு. நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா ஆகியோர் அடங்கிய அமர்வு, சண்டீகரின் முதல் கட்டப் பகுதியான 1 முதல் 30 வரையிலான செக்டார்களில் தனி வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து அடுக்கு வீடுகளாக்குவதற்குத் தடை விதித்தது. திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நகரத்தைக் காப்பாற்றிய தீர்ப்பு என்று ஒரு சாராரும், நடுத்தர வர்க்கத்தை நகருக்கு வெளியே தள்ளும் தீர்ப்பு என்று மற்றொரு சாராரும் அதைப் பார்க்கின்றனர்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு கட்டடம் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதற்குள் எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்துப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சண்டீகருக்கு மட்டுமன்றி, பழைய குடியிருப்புப் பகுதிகளில் மாடி மேல் மாடி எழும்பும் எல்லா இந்திய நகரங்களுக்கும் இது பொருந்தும்.

ஒன்றரை லட்சம் பேருக்கான நகரம்

பிரிவினையின்போது லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும், போலந்தில் வளர்ந்த கட்டடக்கலைஞர் மேத்யூ நொவிக்கியும் முதல் வரைபடத்தைத் தயாரித்தனர். 1950-இல் விமான விபத்தில் நொவிக்கி உயிரிழந்தார். இதையடுத்து 1951-இல் லெ கார்பூசியே அழைத்து வரப்பட்டார். அவருடன் பியர் ஜென்னரே, மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோரும் இணைந்தனர். பிரதமர் நேரு இத்திட்டத்தில் நேரடி ஆர்வம் காட்டினார்.

மொத்தம் ஐந்து லட்சம் மக்களுக்காகவே அந்நகரம் திட்டமிடப்பட்டது. முதல் கட்டமான 1 முதல் 30 வரையிலான செக்டார்களில் ஒன்றரை லட்சம் பேர். இரண்டாம் கட்டமான 31 முதல் 47 வரையிலான செக்டார்களில் மூன்றரை லட்சம் பேர். முதல் கட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 9,000 ஏக்கர். இரண்டாம் கட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6,000 ஏக்கர். அதாவது, வடக்கே ஏக்கருக்குப் பதினாறு பேர் அளவில் வாழ, தெற்கே ஏறத்தாழ அறுபது பேர் வாழ வேண்டும். நெரிசலில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு பிற்காலத்தில் நேர்ந்த விபத்து அன்று, வரைபடத்திலேயே இடம்பெற்றிருந்தது.

ஒவ்வொரு செக்டாரும் 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்டது. உள்ளேயே கடைவீதி, பள்ளி, பூங்கா. சாலைகள் ஏழு வகையாகத் தரம் பிரிக்கப்பட்டன. வேகமாகச் செல்லும் வாகனங்கள் செக்டாருக்கு வெளியே ஓடும். வீட்டு வாசலில் நடப்பவருக்கே முன்னுரிமை. சூரிய ஒளி, திறந்தவெளி, பசுமை ஆகிய மூன்றுமே அந்நகரின் தாரக மந்திரங்களாக அமைந்தன. 1952-இலேயே மரங்களைப் பாதுகாக்கத் தனி உத்தரவு பிறப்பிக்கப்பட்டது.

1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சண்டீகரில் 1,19,881 பேர் இருந்தனர். 2011-இல் அந்த எண்ணிக்கை 10,55,450 ஆகிவிட்டது. 114 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள இந்த யூனியன் பிரதேசத்தில் சதுர கிலோ மீட்டருக்கு 9,258 பேர். நாட்டில் தில்லிக்கு அடுத்தபடியாக நெருக்கமான பிரதேசம் இதுதான். ஐந்து லட்சம் பேருக்காக வரையப்பட்ட நகரம் அதைப்போல இரு மடங்கு மக்களைச் சுமக்கிறது. ஆனால், அந்தச் சுமை எல்லாத் தோள்களிலும் சமமாக இறங்கவில்லை.

தெருவின் சட்டகம்

சண்டீகரின் தெருக்களில் காணப்படும் ஒழுங்கு தானாக வந்ததன்று. 1952-ஆம் ஆண்டின் பஞ்சாப் தலைநகர் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டமும், அதன் கீழ் வகுக்கப்பட்ட கட்டட விதிகளும் அதற்கு அடிப்படை. கட்டடத்தின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரத்தையே அச்சட்டம் அரசுக்கு வழங்கியது.

சிறு மனைகளில் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டப்படும் வரிசை வீடுகளுக்குச் "சட்டகக் கட்டுப்பாடு" என்ற முறை கையாளப்பட்டது. இருபுறப் பொதுச்சுவர்கள் எதுவரை வரலாம், மேல் விளிம்பு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பன ஒரு படச்சட்டம்போல நிர்ணயிக்கப்படும். அந்தச் சட்டத்துக்குள் உரிமையாளர் தம் வசதிக்கேற்ப அறைகளை அமைத்துக் கொள்ளலாம். கதவு, ஜன்னல்களின் அளவுகள், சுற்றுச்சுவர், வாயில் ஆகியவற்றுக்கும் மாதிரிகள் உண்டு. பெரிய மனைகளுக்கு வேறு முறை. மனையின் எந்தப் பகுதியில் கட்டலாம், எந்தப் பகுதியைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்துக் கொடுக்கப்படும். 17-ஆவது செக்டாரின் வணிக வளாகம் போன்ற இடங்களில் தூண்கள் முதல் முகப்பு வரை அனைத்தும் அரசு வகுத்த வடிவமே.

இந்த விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. வெளியே தெரிவது பொதுச் சொத்து, உள்ளே இருப்பது தனியார் உரிமை என்ற பாகுபாடே அது. சாதாரண எழுத்தர் கட்டும் சிறு வீடும் தெருவின் அழகுக்குப் பங்களிக்க வேண்டும். அதேசமயம், அவருடைய அறைகளை எப்படிப் பிரிப்பது என்பதில் அரசு தலையிடாது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பல தெருக்கள் சீர்குலையாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆனால், இதே சட்டத்தின் கீழ் 1960-இல் வகுக்கப்பட்ட மனை விற்பனை விதிகளில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது. மனையையோ கட்டடத்தையோ துண்டாடக் கூடாது, ஒன்றோடொன்று இணைக்கவும் கூடாது என்பதே அந்நிபந்தனை. இது தோற்றத்தைப் பற்றிய விதி அன்று, எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கின் மீதுதான் குடிநீர்க் குழாயின் விட்டமும், கழிவுநீர்க் கால்வாயின் ஆழமும், சாலையின் அகலமும் தீர்மானிக்கப்பட்டிருந்தன.

பின்வாசல் வழி

வடக்குச் செக்டார்களில் உள்ள பெரிய மனைகள் "கனால்" கணக்கில் அளக்கப்படுகின்றன. ஒரு கனால் என்பது 500 சதுர கஜம். தமிழகக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு கிரவுண்டு. மனையின் விலை பல கோடி ரூபாயைத் தொட்ட பிறகு, ஒரு குடும்பம் தனித்து வாங்குவது அரிதாயிற்று. பிரித்து விற்கும் வழி தேடப்பட்டது.

2001-ஆம் ஆண்டு டிசம்பரில் சண்டீகர் நிர்வாகமே அதற்குக் கதவைத் திறந்தது. அப்போது அறிவிக்கப்பட்ட அடுக்கு வீடுகள் விதிகளின்படி, ஒரு கட்டடத்தைத் தளவாரியாகப் பிரித்துத் தனித்தனி உரிமை பெறலாம். இதற்குக் குடியிருப்போரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அவ்விதிகள் ரத்து செய்யப்பட்டன. முன்வாசல் மூடப்பட்டது.

அதன் பிறகு பின்வாசல் வழி உருவாயிற்று. கட்டுமான நிறுவனத்தார் ஒரு பழைய வீட்டை வாங்குவர். இடித்துவிட்டு, தளத்துக்கு ஒரு சமையலறையோடு மூன்று தளங்களை எழுப்புவர். வரைபடத்தில் அது ஒரே வீடு. பிறகு உறவில்லாத மூவருக்குப் பங்குகளாக விற்பர். ஒருவருக்கு 50 சதவீதம், அடுத்தவருக்கு 30 சதவீதம், மூன்றாமவருக்கு 20 சதவீதம். பத்திரத்தில் பிரிக்கப்படாத பங்கு என்றே இருக்கும். எவருக்கு எந்தத் தளம் என்பது மூவரும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இருக்கும்.

2001-இல் அனுமதிக்கப்பட்டு, 2007-இல் திரும்பப் பெறப்பட்ட அதே ஏற்பாடு, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டது என்று குடியிருப்போர் நலச் சங்கத்தினர் நீதிமன்றம் சென்றனர். பஞ்சாப், ஹரியாணா உயர்நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அவர்களது மனுவை ஏற்கவில்லை. கூட்டு உரிமையாளர் ஒருவர் தமது பிரிக்கப்படாத பங்கை விற்பது சொத்துரிமையின் ஒரு பகுதி. அதனாலேயே கட்டடம் துண்டாடப்பட்டதாகக் கருத முடியாது என்பது அந்த நீதிமன்றத்தின் கருத்து. வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது.

நீதிமன்றம் போட்ட கோடு

நேரடியாகச் செய்யக் கூடாது என்று சட்டம் தடுத்ததை மறைமுகமாகவும் செய்ய அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. திட்டமிடாத வளர்ச்சியால் பெங்களூரு நகரம் அடைந்துள்ள நிலையைத் தீர்ப்பின் இறுதிப் பகுதியில் எச்சரிக்கையாக எடுத்துக்காட்டியது.

அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு வழங்கும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் விரிவானவை. முதல் கட்டப் பகுதியில் குடியிருப்போர் அடர்த்தியை உயர்த்தலாமா என்ற கேள்வியைச் சண்டீகர் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஆராய வேண்டும். அதன் பரிந்துரைக்கேற்ப 2031-ஆம் ஆண்டுக்கான முதன்மைத் திட்டத்திலும், 2017-ஆம் ஆண்டின் கட்டட விதிகளிலும் நிர்வாகம் திருத்தம் செய்ய வேண்டும். அத்திருத்தங்கள் மத்திய அரசின் முன் வைக்கப்பட வேண்டும். பாரம்பரியத் தகுதியைக் கருத்தில் கொண்டு மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும்.

அதுவரை, ஒரே வீட்டை மூன்று அந்நியர்களுக்கான மூன்று வீடுகளாக மாற்றும் உத்தி என்று வெளிப்படையாகத் தெரியும் எந்த வரைபடத்துக்கும் அனுமதி கூடாது. தளவாரியாகப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் பதிவு செய்யப்படவும் கூடாது. அவை சட்டப்படி செல்லவும் செல்லாது. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை இனி உயர்த்தக் கூடாது. தளங்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது; உயரம் சீராக இருக்க வேண்டும்.

நகர வளர்ச்சிக்கு அனுமதி வழங்குமுன் சுற்றுச்சூழல் பாதிப்பு குறித்து ஆய்வு நடத்துவதற்கான ஏற்பாடுகளைச் செய்யுமாறு மத்திய, மாநில அளவிலான சட்டமியற்றும் அமைப்புகளுக்கும் ஆட்சியாளர்களுக்கும் நீதிமன்றம் வேண்டுகோள் விடுத்தது. தீர்ப்பின் நகலை மத்திய அமைச்சரவைச் செயலருக்கும், அனைத்து மாநிலத் தலைமைச் செயலர்களுக்கும் அனுப்பவும் பணித்தது. சண்டீகர் வழக்கை ஒரு நகரத்தின் தனி விவகாரமாக நீதிமன்றம் கருதவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நகரைக் காக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்க்கும் மற்றொன்றும் உண்டு. சண்டீகரின் சட்டப்பேரவை, உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம் ஆகியவை அடங்கிய வளாகம் 2016-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஏழு நாடுகளில் பரவியுள்ள கார்பூசியேயின் 17 படைப்புகளுள் அதுவும் ஒன்று. எனினும், அந்தப் பட்டியலில் இருப்பது தலைமை வளாகமே தவிர, முப்பது செக்டார்களில் உள்ள வீடுகள் அல்ல. வீடுகளுக்கான பாதுகாப்பு உள்நாட்டு விதிகளிலிருந்தே வருகிறது.

அண்ணன் தம்பி கணக்கு

தீர்ப்பைத் தொடர்ந்து 2023-ஆம் ஆண்டிலேயே, குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பங்காக விற்கும் பத்திரங்களைப் பதிவு செய்வதை நிர்வாகம் நிறுத்தியது. கட்டுமானத் தொழிலினர் எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை. ஆனால், அவர்களோடு சேர்ந்து குரல் எழுப்பியவர்களில் வேறு சிலரும் இருந்தனர்.

தந்தை 1960-களில் வாங்கிய மனை. அவர் காலமான பின் இரு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் சம பங்கு. ஒருவர் வெளிநாட்டில், மற்றொருவர் அதே வீட்டில், மகளுக்கோ மருத்துவச் செலவுக்கோ, பிள்ளையின் படிப்புக்கோ பணம் தேவை. தம் பங்கை விற்க வேண்டுமென்றால் வெளியாருக்கு விற்க முடியாது. உடன்பிறந்தவரிடம் விற்கலாம், ஆனால் பல கோடி மதிப்புள்ள வீட்டின் மூன்றில் ஒரு பங்கை வாங்கும் வசதி, ஓய்வூதியத்தில் வாழும் அண்ணனிடம் இருப்பதில்லை. எஞ்சிய ஒரே வழி, மூவரும் சேர்ந்து முழு வீட்டையும் விற்பது. அப்போது அந்த வீட்டில் வாழ்பவர் வெளியேற வேண்டும். முழு வீட்டையும் விலை கொடுத்து வாங்கக் கூடியவர் பெரும் செல்வந்தராகவே இருப்பார்.

விதியை ஏய்த்து லாபம் பார்த்த கட்டுமான நிறுவனத்தாரும், விதியால் முடங்கிப்போன வாரிசுகளும் ஒரே தடையின் கீழ் வந்துவிட்டனர் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

மறுபுறம், வழக்குத் தொடுத்த குடியிருப்போரின் கவலையும் கற்பனையன்று. ஒரு கார் நிறுத்த ஒதுக்கப்பட்ட வீட்டில் மூன்று குடும்பங்கள் வந்தால், ஆறு கார்கள் வரும். அவை தெருவோரப் புல்தரையில் நிற்கும். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்து அடித்தளம் தோண்டும்போது ஒட்டியுள்ள வீட்டின் சுவரில் விரிசல் விழும். மூன்று தளங்களுக்கும் சேர்த்துக் குடிநீர் ஏற்றும் மோட்டார்கள் ஓடும்போது தெருக்கோடி வீட்டுக்கு நீர் வராது. எவரிடமும் கேட்காமல், எந்தக் கணக்கும் போடாமல் தெருவின் மக்கள்தொகை மும்மடங்காவதை அவர்கள் எதிர்த்தனர். முறையான விதித் திருத்தம் மூலம் வந்திருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கவாவது வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

நெரிசல் எங்கே போனது?

ஒரு பகுதியில் மக்கள் பெருகக் கூடாது என்று விதி வகுத்தால், அங்கு வர வேண்டியவர்கள் மறைந்துவிடுவதில்லை, வேறிடத்துக்குப் போகின்றனர். எங்கே போயினர் என்பதைச் சண்டீகரிலேயே காணலாம்.

தெற்குச் செக்டார்களில் சண்டீகர் வீட்டுவசதி வாரியம் கட்டிய அடுக்கு வீடுகள் உள்ளன. 1976-இல் தொடங்கப்பட்ட இவ்வாரியத்தின் சிறு வீடுகளில் குடும்பம் பெருகியபோது, பால்கனியை அடைத்து அறையாக்கினர். பின்புறம் ஒரு குளியலறை சேர்த்தனர். அவை விதிமீறல்கள் என்று வாரியம் நோட்டீஸ் அனுப்புகிறது. தில்லியில் வழங்கப்பட்டதுபோல ஒரே முறைக் கட்டணம் வசூலித்து வரன்முறைப்படுத்த வேண்டும் என்பது அவர்களது நெடுநாள் கோரிக்கை. வடக்கே மூன்று தளம் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை வருகிறது. தெற்கே ஒரு கூடுதல் அறை பற்றிய வழக்கு வாரிய அலுவலக வாசலில் நிற்கிறது.

45-ஆவது செக்டாருக்கு நடுவே புரைல் என்ற பழைய கிராமம் இருக்கிறது. நகரின் கட்டட ஒழுங்கு எட்டாத அந்தக் கிராம எல்லைக்குள், இரு பக்கத்துக் கட்டடங்களும் தலைக்கு மேல் நெருங்கி வரும் சந்துகளில், அடுக்கடுக்காக வாடகை அறைகள். வடக்குச் செக்டார் வீடுகளில் வேலை செய்யும் பலர் இத்தகைய இடங்களில்தான் வசிக்கின்றனர். குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோரின் கதை வேறு. ஐந்தாம் எண் காலனி 2013-லும், நான்காம் எண் காலனி 2022-லும் இடித்து அகற்றப்பட்டன. தகுதி பெற்றோருக்கு 2006-ஆம் ஆண்டின் சிறு வீடுகள் திட்டத்தின் கீழ் நகரின் ஓரங்களில் வீடு ஒதுக்கப்பட்டது.

நகருக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். சண்டீகரைச் சுற்றிப் பசுமை வளையம் இருக்க வேண்டும் என்பதற்காக 1952-இலேயே சுற்றுவட்டாரக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்து மைல் எல்லை 1962-இல் பத்து மைலாக விரிவாக்கப்பட்டது. 1966-இல் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது அந்த வளையமும் பஞ்சாப், ஹரியாணா, சண்டீகர் என மூன்றாகச் சிதறியது. மொஹாலியும் பஞ்ச்குலாவும் திட்டமிட்டு எழுந்தன. ஜிராக்பூர், நயாகாவ் போன்றவை திட்டமின்றிப் பெருகின. சண்டீகரில் வேலை பார்க்கும் நடுத்தரக் குடும்பத்தினர் ஜிராக்பூரின் அடுக்குமாடிகளில் வீடு வாங்கிக்கொண்டு, நாள்தோறும் காரில் நகருக்குள் வருகின்றனர். வடக்குச் செக்டார் தெருவில் குடியேறாத அவர்களது கார், அதே செக்டாரின் சாலையில் காலையும் மாலையும் நிற்கிறது.

பசுமையைக் காக்கும் பெயரால் குறைந்த அடர்த்தியை உறைய வைத்தால், அதன் விலையைப் பசுமை வளையமே கொடுக்கிறது என்ற நகரமைப்பு வல்லுநர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பக்கத்து வீட்டுப் பாடங்கள்

எல்லைச் சாலையைக் கடந்தால் ஹரியாணாவின் பஞ்ச்குலா. அங்கும், தலைநகரை ஒட்டிய குருகிராமிலும் நேரெதிரான கொள்கை பின்பற்றப்பட்டது. தரைத்தளத்தைத் தூண்கள் மட்டும் நிறுத்தி வாகனங்களுக்கு விட்டு, அதன் மேல் நான்கு தளங்கள் கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். குழாய்களும் சாலைகளும் பழைய அளவிலேயே இருக்கத் தளங்கள் மட்டும் உயர்ந்ததால் எதிர்ப்பு வலுத்தது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹரியாணா அரசு அனுமதியை நிறுத்தி வைத்து, ஒரு வல்லுநர் குழுவை நியமித்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதித்தது. சாலையின் அகலம், பக்கத்து மனையின் உரிமையாளர் சம்மதம் போன்றவை அந்நிபந்தனைகளுள் அடங்கும். விவகாரம் நீதிமன்றத்துக்கும் சென்றது.

தில்லியின் பாதை மூன்றாவது வகை. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 2021-ஆம் ஆண்டுக்கான முதன்மைத் திட்டம், குடியிருப்பு மனைகளில் 15 மீட்டர் உயரம் வரை கட்ட அனுமதித்தது. பின்னர், வாகனத் தளத்துடன் கட்டினால் 17.5 மீட்டர் வரை என்று திருத்தப்பட்டது. முக்கியமாக, எந்த அளவு மனையில் எத்தனை குடியிருப்புகள் இருக்கலாம் என்று அத்திட்டத்திலேயே அட்டவணை போடப்பட்டிருந்தது. டிஃபென்ஸ் காலனி, கிரேட்டர் கைலாஷ் போன்ற பகுதிகளில் தனி வீடுகள் இருந்த இடங்களில் தளத்துக்கு ஓர் உரிமையாளர் கொண்ட நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன.

ஆனால், எண்ணிக்கையை வெளிப்படையாக அறிவித்த தில்லி, அதை அமல்படுத்துவதில் தவறியது. விதிமீறல்களுக்கு எதிராக 2006-இல் உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைப்பு நடவடிக்கை தொடங்கியதும், நாடாளுமன்றம் அவசரமாகச் சிறப்புச் சட்டம் இயற்றித் தடுத்தது. ஓராண்டுக்கு என்று தொடங்கிய அந்தப் பாதுகாப்பு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட திருத்தம் அதை 2026-ஆம் ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஒவ்வொரு முறையும் அவையில் பெரிய எதிர்ப்பு எழுந்ததில்லை. இடிபடும் வீடுகளின் வாக்காளர்களை எந்தக் கட்சியும் பகைத்துக்கொள்ள விரும்புவதில்லை.

சண்டீகர் எண்ணிக்கையை உறைய வைத்தது. ஹரியாணா முதலில் திறந்துவிட்டுப் பிறகு யோசித்தது. தில்லி விதி வகுத்துவிட்டு மீறலை மன்னித்தது. மூன்றிலும் பொதுவாக இல்லாத ஒன்று உண்டு. ஒரு தெருவின் குடிநீர், கழிவுநீர், சாலை, வாகன நிறுத்தம் ஆகியவை எத்தனை குடும்பங்களைத் தாங்கும் என்று முதலில் கணக்கிட்டு, அதன் பின் தளங்களையும் குடியிருப்புகளையும் தீர்மானிக்கும் நடைமுறையே அது.

யார் முடிவெடுப்பது?

உச்சநீதிமன்றம் அடர்த்தியை என்றைக்கும் உயர்த்தக் கூடாது என்று கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாரம்பரியக் குழு ஆராயட்டும், மத்திய அரசு முடிவெடுக்கட்டும் என்றே கூறியது. ஆனால், பாரம்பரியக் குழு எதைக் காக்க அமைக்கப்பட்டதோ அதைத்தான் காக்கும். ஜிராக்பூரிலிருந்து தினமும் வந்துபோகும் குடும்பத்துக்கும், புரைலின் வாடகை அறைக்கும் அந்தக் குழுவில் குரல் இல்லை.

சண்டீகருக்குச் சட்டப்பேரவை கிடையாது. 1984 முதல் பஞ்சாப் ஆளுநரே அதன் நிர்வாகியாக இருந்து வருகிறார். மக்களவையில் அந்நகருக்கு ஓர் உறுப்பினர் மட்டுமே. மாநகராட்சி இருப்பினும், மனை, கட்டடம் தொடர்பான விதிகள் நிர்வாகத்தின் கையிலும், அதன் வழியாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையிலும் உள்ளன. ஆகவே, ஒரு தெருவில் எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்ற கேள்வி, தெருவில் தொடங்கி அந்த அமைச்சகத்தில் முடியும் விந்தையான பயணத்தை மேற்கொள்கிறது. அந்தப் பயணத்தில் மக்கள் பிரதிநிதிகள் விவாதிக்கும் கட்டம் எங்கும் இல்லை.

1952-இல் வகுக்கப்பட்ட சட்டக விதியில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. உயரம், முகப்பு, முன்வெளி, மரங்கள் ஆகியவற்றில் துளியும் விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். தெருவின் அழகு அவற்றில்தான் உள்ளது. அந்தச் சட்டகத்துக்குள் எத்தனை சமையலறைகள் என்பதைச் செக்டார்வாரியாகக் குழாய்களையும் சாலைகளையும் கணக்கிட்டு, வரைவாக வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, முடிவு செய்யலாம். சில செக்டார்களில் விடை ஒன்று என வரலாம். வேறு சிலவற்றில் இரண்டு எனவும் மூன்று எனவும் வரலாம். தலைமை வளாகத்தை ஒட்டிய செக்டார்களுக்கும், மற்றவற்றுக்கும் ஒரே விடை இருக்க வேண்டிய கட்டாயமில்லை. குறைந்தபட்சம், வாரிசாகப் பெற்ற பங்கை விற்பவரையும், விற்பதற்கென்றே மூன்று தளம் கட்டுபவரையும் வேறுபடுத்தும் விதி தேவை.

பின்வாசலை அடைத்ததில் உச்சநீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. முன்வாசலில் எவரை, எத்தனை பேரை அனுமதிப்பது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அரசினுடையது. அந்தக் கணக்கைப் போட்டு மக்கள் முன் வைக்கும்வரை, தெருவில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரு வீடுகளில் ஒன்று முறையானதாகவும், மற்றொன்று குற்றமாகவும் தொடரும்.